இலை எடுக்கும் கொலைகாரன்

“சித்ரா! கொலகாரனுக்குச் செருப்பு வேணுமா, வெறுங்காலே போதுமா?”

வாசலில் நிற்கும் ரிக் லாரியின் பம்பரில் உட்கார்ந்து, தொடைமேல் அட்டையும் அட்டைமேல் ஒரு தாளுமாக, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்கிறார் குழந்தைவேல். மனைவி சித்ரா பத்தடி தள்ளி அடுப்படியில்தான் இருக்கிறார். கேள்வி மூன்று வீடு தாண்டிப் போகிறது. துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அத்தாயி, மதிலுக்கு மேலே தலையை நீட்டி, “ஏனுங் தம்பி, கொல எந்தக் கெழமைங்க?” என்று விசாரிக்கிறார். “ஞாயித்துக்கெழம மத்தியானமுங்கக்கா!” என்று பதில் பறக்கிறது. கல்யாணத் தேதி கேட்டுக்கொண்டவர்போலத் தலையாட்டிவிட்டு, அத்தாயி அடுத்த புடவையை உதறுகிறார்.

திருச்செங்கோட்டில் ரிக்குக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் குழந்தைவேலைப் போலக் குரல் படைத்தவர் இன்னொருவர் இல்லை. வயது நாற்பத்திரண்டு. பதினெட்டு வருடமாக ஆழ்துளைக் கிணறு போடும் ரிக்கில் டிரில்லர், அதாவது காதடைக்கும் கம்ப்ரசருக்குப் பக்கத்திலேயே நின்று பிழைத்தவர். இடது காது முக்கால்வாசி போய்விட்டது. தன் பேச்சு தன் காதில் விழ வேண்டுமே என்று அவர் கத்துகிறார். கத்துகிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. பெண் பார்க்கப் போன இடத்தில், “புடிச்சிருக்குதுங்கம்மா” என்று தாயாரின் காதோரம் சொன்னாராம். “சமையக்கட்டுல இருந்த எனக்கே கேட்டுப் போச்சுங்க. அப்புறம் நானும் சரின்னுட்டேன்” என்று சித்ரா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், ரிக் ஓடும்போது இந்த மனிதர் வாயே திறப்பதில்லை. திறந்தாலும் யாருக்கும் கேட்காது. அங்கே எல்லாம் கைதான். உள்ளங்கையைக் கீழே பார்த்து அமுக்கினால் ராடை இறக்க வேண்டும். முஷ்டியை உயர்த்தினால் நிறுத்த வேண்டும். தண்ணீர் பீறிட்டுவிட்டால், குவித்த ஐந்து விரல்களையும் மேலே வீசி விரிப்பார். மொழி தெரியாத ஊர்களில் வயலோரம் நிற்கும் விவசாயிக்குக்கூட அந்தக் கடைசிச் சைகை மட்டும் உடனே புரிந்துவிடும்.

வடக்கே மழைக்காலம் வந்தால் வண்டி ஊர் திரும்பிவிடும். அப்படி இந்த வருடம் வந்தபோதுதான், உடைந்த போன் திரையை மாற்ற மதனின் கடைக்குப் போனார். மதன் முன்பு இவருடைய ரிக்கிலேயே இரண்டு வருடம் வேலை பார்த்தவன். இப்போது பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். கல்லாவுக்கு அருகில் நெல்லிக்காய் அளவில் ஒரு பகடை கிடந்தது. எண்ணிப் பார்த்தார், இருபது முகம். “என்றா இது? ஒரு ஆட்டம் ஆடிப் பாத்துட்டுப் போறேன்” என்றார். நாலு மாதமாக ஆடிக்கொண்டிருக்கிறார்.

ஞாயிறுதோறும் கடை மாடியில் அந்த விளையாட்டு. மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி ஒரு மாயக் கதைக்குள் நுழைகிறார்கள். கதையை நடத்துபவர் அக்சிலியா. சேலத்துக்காரர், இங்கே பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்துகிறார். அவர் ஒரு நிலைமையைச் சொல்வார், மதனும் குழந்தைவேலும் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். பலிக்குமா என்பதைப் பகடை தீர்க்கும். ஒவ்வொரு ஆளுக்கும் பெயர், பலம், சுறுசுறுப்பு, சாமான் எல்லாம் எழுதிய தாள் ஒன்று உண்டு. ஆள் செத்தால் தாள் அக்சிலியாவின் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். பிழைத்தால் அடுத்த வருடமும் அதே ஆளோடு வரலாம்.

அக்சிலியா ஒரு விதி வைத்திருந்தார்: மேசையில் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோமோ, கதைக்குள்ளும் அவ்வளவு சத்தம் கேட்கும். விதி பொதுவானது, அடி வாங்கியது ஒரே ஒருவர். குழந்தைவேலின் முதல் ஆள் பெரிய வாள்வீரன். உறங்கும் பாம்பரசனின் குகைக்குள் நின்று, “தூங்குது மதா, நல்லாத் தூங்குது!” என்றான், அது விழித்துக்கொண்டது. இரண்டாவது ஆள் மந்திரவாதி. பாலத்துக்கடியில் பதுங்கியிருந்து, “போயிட்டானுங்களா?” என்று கேட்டான், போகவில்லை. மூன்றாவது ஆளைப் பற்றிப் பேச்செடுத்தால் குழந்தைவேல் சட்டென்று மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

ஆயுத பூஜைக்கு ரிக்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு சத்தீஸ்கருக்குக் கிளம்ப வேண்டும். திரும்பி வர அடுத்த மழைக்காலம் ஆகும். இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. “ஒருத்தனையாச்சும் உசுரோட பையில வெச்சுக் கூட்டிக்கிட்டுப் போவோணும், சித்ரா” என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. நான்காவது ஆளாக, ஓசையே இல்லாத ஒரு கொலைகாரனை உருவாக்குவது என்று முடிவு செய்திருந்தார்.

மதனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் யோசனை சொன்னான்: கறுப்பு அங்கி, முகத்தை மூடிய முக்காடு, இடுப்பில் இரண்டு கத்தி. குழந்தைவேல் கேட்ட மாத்திரத்தில் தள்ளிவிட்டார்.

“அப்புடிப் போத்திக்கிட்டு வந்தா தெருநாயே உடாது மதா. கல்யாண ஊட்ல ஐநூறு பேரு சாப்புடறாங்க. மாப்பிள்ளையப் பாக்கறாங்க, சமையக்காரனப் பாக்கறாங்க. எச்செல எடுக்கறவன் மூஞ்சிய எவனாச்சும் பாத்திருக்கறானா? எம்பட ஆளு எல எடுக்கறவன். பேரு ரங்கன்.”

அடுத்த ஆட்டம் நடக்கும் அரண்மனையில் வாழையிலை உண்டா என்று அக்சிலியா போனில் தயங்கினார். “ராசான்னா எலையிலதானுங்க மேடம் சாப்புடோணும்!” என்ற அதட்டலில், அந்த மாய நாட்டில் அன்றைக்கே வாழை பயிராகிவிட்டது.

பிறகு தாளை நிரப்பும் வேலை. கொடுத்த புள்ளிகளில் பெரும்பகுதியைச் சுறுசுறுப்புக்கே கொட்டினார். “எல தூக்கறதுக்கு என்னத்துக்குப் பலம்?” என்று பலத்துக்கு ஒன்றே ஒன்று. பேச்சுத் திறமைக்குப் பூஜ்யம் போட்டு, அதைச் சுற்றி இரண்டு வட்டமும் போட்டார். செருப்புக்குப் பதிலாகக் காலில் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொள்வது என்று எழுதினார். எழுதினால் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டாமா? தன் காலிலேயே சாக்கைக் கட்டிக்கொண்டு, ரசம் தாளித்துக்கொண்டிருந்த சித்ராவின் முதுகுப்பக்கமாக அடிமேல் அடி வைத்து நடந்தார். நான்கடி இருக்கும்போது, “டீசல் வாசம் வருதுங்க” என்றார் சித்ரா, திரும்பிப் பார்க்காமலே. அசந்துபோன குழந்தைவேல், வாசலுக்கு ஓடிப் போய் ரங்கனின் சாமான் பட்டியலில் ‘சோப்பு, ஒன்று’ என்று சேர்த்தார்.

அந்த ஞாயிறு மூன்று மணிக்கு அவர் மாடியேறியபோது தலைக்குக் குளித்து, சலவைச் சட்டை போட்டு, தோளில் மடித்த துண்டோடு இருந்தார். அக்சிலியா பிஸ்கட் டப்பாவைத் திறந்து மேசையில் வைத்தார். அது அவர் வழக்கம். இவர் அதைப் பார்க்காதவர்போல உட்கார்ந்தார்.

கதையில் அன்றைக்கு அரசனின் விருந்து. ஊருக்கு இருந்த ஒரே சுனையைப் பூட்டிவிட்டு ஜனங்களைத் தவிக்கவிட்டவன் அந்த அரசன். அவனுக்கு எதிரே, ஒரு குட்டைத் தூணுக்கு அப்பால், கயிற்றில் ஒரு பெரிய விளக்கு தொங்குகிறது. கயிற்றின் மறுமுனை மதனின் ஆள் கையில். விளக்கைப் பாதிக்கு இறக்கினால் தூணின் நிழல் அரசன்மேல் விழும். அந்த நிழலுக்குள் ரங்கன் போய்விடலாம். “மூணு தடவ சத்தம் கேட்டா காவலர்கள் வாளை உருவிடுவாங்க” என்றார் அக்சிலியா.

“வரிசையா எல எடுத்துக்கிட்டே வாரேனுங்க” என்று கிசுகிசுத்தார் குழந்தைவேல். ஜன்னல் கம்பியில் இருந்த காக்கை பறந்து போனது.

“ஒரு காவலன் திரும்பிப் பாக்கிறான் அண்ணா.”

“அய்யோ, மெதுவாத்தானுங்க சொன்னேன்!”

“ரெண்டு.”

குழந்தைவேல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சலவைச் சட்டையின் முதுகு நனைந்துவிட்டது. திறந்த டப்பாவுக்குள் அவருடைய மூன்று ஆட்களும் மடித்த தாள்களாகக் கிடந்தார்கள். ரங்கன் இலைக் கூடையோடு அரசனுக்கு ஐந்தடி தூரத்தில் நிற்கிறான். விளக்கை எப்போது இறக்க வேண்டும் என்று மதனுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்ல வாய் திறந்தால் ரங்கன் காலி. அவருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. “என்ன செய்றீங்க அண்ணா?” என்று அக்சிலியா கேட்டார். மதன் நகத்தைக் கடித்தான்.

பொத்தியிருந்த வலது கை வாயை விட்டு இறங்கியது. உள்ளங்கை கீழே பார்த்துத் திரும்பி, மெல்ல ஒருமுறை அமுக்கியது.

மதன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ரிக்கை விட்டு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஆனால் அந்தக் கை அவனுக்கு மறந்துவிடுமா? “எறக்கறேங்க மேடம்! கயித்த எறக்கறேன்!” என்றான் மூச்சுக்குள்ளேயே. கை அமுக்கிக்கொண்டே வந்தது. சட்டென்று முஷ்டி உயர்ந்தது. “நிறுத்தீட்டேங்க! பாதியில!”

அக்சிலியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. “நிழல் விழுந்திடுச்சு. ஒரு சத்தமும் கேக்கல. பதினஞ்சுக்கு மேல போடுங்க அண்ணா.”

குழந்தைவேல் தோளிலிருந்த துண்டை எடுத்து நான்காக மடித்து மேசையில் விரித்தார். பகடை உருளும் ஓசைகூட வரக் கூடாதாம். கண்ணை மூடிக்கொண்டு உருட்டினார். அது துண்டின்மேல் பூப்போலப் புரண்டு, ஓரத்து மடிப்பில் தடுக்கி நின்றது.

பதினேழு.

“ராஜா செத்து இலையிலயே சாஞ்சுட்டான், பாயசம் அதிகமாப் போச்சுன்னு நெனைக்கிறாங்க! ரங்கன் கூடையத் தூக்கிக்கிட்டு வெளிய போயிட்டான், ஒருத்தரும் மூஞ்சியப் பாக்கல!” அக்சிலியா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். பிஸ்கட் டப்பாவை அழுத்தி மூடி, ரங்கனின் தாளைக் குழந்தைவேலின் பக்கம் தள்ளினார். “சுனை தொறந்தாச்சு அண்ணா!” மதன் மேசையைக் குத்திக் கூச்சல் போட்டான், அடுத்த நொடி, வரப்போவது என்ன என்பது நினைவுக்கு வந்து இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டான். அக்சிலியாவும் பொத்திக்கொண்டார்.

குழந்தைவேல் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வாயைத் திறந்தார், திறந்த வாயை அப்படியே மூடினார். பிறகு வலது கையை நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து, ஐந்து விரல்களையும் குவித்து, கூரையைப் பார்த்து மேலே வீசி விரித்தார்.