சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வாரம்

வெள்ளைக்காரன் போன பிறகு திருவிதாங்கூர் தனி நாடாகவே இருக்கும் என்று திவான் அறிவித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதியாக ஒருவேளைச் சாப்பாடு நடக்கவில்லை. அப்பாவுக்கு செக்ரட்டேரியட்டில் கணக்குப் பிரிவில் உத்தியோகம். அண்ணா லா காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். இந்தியாவோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போகிற கூட்டத்தில் அவனும் இருந்தான். நான் இன்டர்மீடியட் மாணவி. கோட்டைக்குள் இருந்த எங்கள் தெருவில் அப்பாவும் அவனும் போட்ட சண்டையைக் கேட்காத வீடே கிடையாது.

ஒருநாள் இலையில் சாதம் ஆறிக்கொண்டிருக்கும்போது அப்பா சொன்னார்: "நாம சாப்பிடறது சர்க்கார் சோறு. ஒன்னோட கட்சி வாசலுக்கு வெளியில நிக்கட்டும், கேட்டியா."

அவர் கட்சியைத்தான் சொன்னார். அண்ணா தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டான். மறுநாள் காலையில் அவன் பையும் இல்லை, அவனும் இல்லை.

முதலில் இரண்டு நாளில் வந்துவிடுவான் என்றுதான் இருந்தோம். பேட்டைப் பக்கம் கூட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது என்று செய்தி வந்ததும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். கட்டுப் போட்டுக் கிடந்த ஒவ்வொரு பையனின் முகத்தையும் குனிந்து பார்த்தாள். எந்த முகமும் அண்ணாவுடையதல்ல. வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அழுதது நிம்மதியிலா, மற்ற பையன்களை நினைத்தா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குச் சில நாட்களுக்குப் பிறகுதான் அந்தச் சங்கீதக் கச்சேரி. அப்பாவுக்கு ஆபீசில் பாஸ் கிடைத்திருந்தது. திவானும் வந்திருந்தார். அப்பா வீடு திரும்பியபோது அங்கவஸ்திரம் எங்கேயோ விழுந்து, சட்டைக் கை கிழிந்திருந்தது. திவான் புறப்படும் நேரத்தில் விளக்கு அணைந்ததாம். இருட்டில் யாரோ அவரை முகத்தில் வெட்டிவிட்டு ஓடிவிட்டானாம். உயிருக்கு ஆபத்தில்லை என்று பேசிக்கொண்டார்களாம். இதையெல்லாம் அப்பா தண்ணீர் குடித்துக் குடித்துச் சொன்னார்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வெட்டினவன் ஒயரமா இருந்தானா?"

அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தார். அந்த நினைப்பு அவருக்கும் வழியெல்லாம் கூடவே வந்திருக்கிறது என்பது எனக்கு அப்போது புரிந்தது. எங்கள் அண்ணா நல்ல உயரம்.

அதன்பிறகு அந்தப் பேச்சை மூன்று பேரும் எடுக்கவில்லை. போலீஸ் வீடு வீடாக மாணவர்களை விசாரித்தது. எங்கள் வாசலுக்கும் ஒரு ஏட்டு வந்து, மகன் எங்கே என்று மலையாளத்தில் கேட்டார். பொய் சொன்னவர்களோடு மாதக்கணக்கில் பேசாமல் இருக்கும் எங்கள் அப்பா, அவன் தஞ்சாவூரில் பெரியப்பா வீட்டில் இருக்கிறான் என்று கண்ணிமைக்காமல் சொன்னார். ஏட்டு போன பிறகு பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்துவிட்டார் என்ற செய்தி அந்த வாரமே வந்தது. கிழக்கேகோட்டையில் முன்பின் தெரியாதவர்கள் கையில் கையில் சர்க்கரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒருத்தி கொடுத்தாள். இனி போலீசும் மாணவர்களைத் துரத்தாது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன்.

"சேர்ந்துதா? சரி. இவன் எங்கடி?" என்றாள் அம்மா.

இரண்டு நாள் கழித்து, காலை காப்பி முடிந்த நேரத்தில், வாசலில் யாரோ "சாமி" என்று கூப்பிட்டார்கள். முரட்டுக் கம்பளி போர்த்திய ஒரு ஆள் நின்றார். அவர் தோளில் சாய்ந்துகொண்டு, கன்னம் ஒட்டி, தாடியோடு அண்ணா.

வந்தவர் பொன்முடி எஸ்டேட்டில் வேலை செய்பவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவர் சொல்லித்தான் எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. தோட்டத் தொழிலாளிகளுக்குக் கூட்டம் போடப் போகிறேன் என்று அண்ணா மலையேறியிருக்கிறான். போன இடத்தில் குளிர்காய்ச்சல். கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் இவருடைய வீட்டிலேயே படுத்துவிட்டான். இவர் மனைவிதான் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறாள். பல நாள் நினைவு தப்பிக் கிடந்தானாம். பேச்சு வந்ததும் வீட்டு விலாசம் சொல்லியிருக்கிறான். தேயிலை லாரியில் மலையடிவாரத்து விதுராவரை கொண்டுவந்து, அங்கிருந்து பஸ்சில் ஏற்றி வந்திருக்கிறார்.

"படுக்கையில விழுந்தது எப்போ?" என்று அப்பா கேட்டார்.

"ஆடி பொறந்த அன்னிக்கே சாமி. அதுக்கப்புறம் தம்பி முந்தாநாத்துதான் எந்திரிச்சு உக்காந்துச்சு."

கச்சேரி நடந்தபோது ஆடி பிறந்து ஒரு வாரத்துக்கு மேலாகியிருந்தது. அப்பா அண்ணாவின் பக்கம் திரும்பி, "அப்போ கச்சேரி அன்னிக்கு நீ மலையிலேயா இருந்தே?" என்றார்.

"எந்தக் கச்சேரி?" என்றான் அண்ணா.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தான். நான்தான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது என்றதும் அவன் முகம் சிறுபிள்ளை மாதிரி வாடிப்போயிற்று.

"நான் இல்லாத நேரத்துலயா?" என்றான்.

அம்மா கூடத்தில் இலை போட்டாள். வந்தவர் வாசலிலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். எங்கள் வீட்டில் அதுவரை வழக்கம் அதுதான். "என் பிள்ளைக்கு உங்காத்துல எங்க வெச்சுக் கஞ்சி குடுத்தா? உள்ளே வாங்கோ" என்றாள் அம்மா. அப்பா எழுந்து தான் சாப்பிட உட்காரும் பலகையை எடுத்து அவருக்குப் போட்டார். அவர் கூச்சத்தோடு உட்கார்ந்து, தலை நிமிராமல் சாப்பிட்டார். அம்மா நின்று பரிமாறினாள்.

சாப்பாடு முடிந்ததும் அப்பா ஆபீசுக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு, அவரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். பஸ் புறப்படும்வரை அங்கேயே நின்றாராம். திரும்பி வரும்போது வழியில் டாக்டரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அம்மா அதற்குள் அண்ணாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், வெறும் தரையில், கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப் போயிருந்தாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எழுப்ப வேண்டாம் என்று அப்பா சைகை காட்டினார். டாக்டர் அவளைச் சுற்றிக்கொண்டு போய் அண்ணாவின் நாடியைப் பார்த்தார்.