ஸ்பெயினுக்கு வந்த ராகுகாலம்

இத்தாலியின் பலெர்மோவில் எங்கள் சமையலறைச் சுவரில் யாழ்ப்பாணத்து நாட்காட்டி தொங்குகிறது. அதில் அச்சிட்டிருக்கும் ராகுகாலத்தை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பலெர்மோவின் சூரிய உதயத்தைக் குறித்து, பகலை எட்டாகப் பிரித்து, நானே கணக்கிடுவேன். திங்கட்கிழமைக்கு இரண்டாவது பங்குதான் ராகுகாலம். அந்த நேரத்தில் எந்தப் பயணத்துக்கும் புறப்படமாட்டேன்.

மன்னாரைச் சேர்ந்த என் நண்பனுக்கு இதெல்லாம் வேடிக்கை. காரில் ஏறும்போது சிலுவை போட்டுக்கொள்வான், அதோடு சரி. பலெர்மோவை அடுத்த சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரின் ஆரஞ்சுப் பழம் பறிப்பவன். ஏப்ரல் தொடக்கத்தில், பருவத்தின் கடைசிப் பழங்களும் இறங்கி அவனுக்கு ஓய்வு கிடைத்த வாரத்தில், அவனுடைய தம்பியிடமிருந்து செய்தி வந்தது. தம்பி சரக்குக் கப்பலில் மாலுமி. கப்பல் ஸ்பெயினின் தரகோனாவுக்கு வருகிறது. திங்கள் காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை தம்பி துறைமுக வாயிலுக்கு வெளியே வரலாம். இருவரும் நேரில் கண்டு ஒன்பது வருடம். நண்பனிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை. என்னிடம் கார் இருந்தது.

வெள்ளி மாலை காரோடு ஜெனோவாவுக்குப் போகும் கப்பலில் ஏறினோம். பிறகு பிரான்ஸ் கரையோரமாக ஓடி, ஞாயிறு மாலை தரகோனாவுக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு மீன்பிடி ஊரில் தங்கினோம்.

திங்கள் காலை ஏழு மணிக்கு வெளியே வந்தேன். தெருவிளக்குகள் இன்னும் அணையவில்லை. "ஏழு மணி, இருட்டு" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுத் துறைக்குப் போனேன். எங்கள் பக்கத்து மீன்துறையான ஸ்ஃபெர்ராகவால்லோவில் வலைகளைத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே மண்பானைகளைக் கயிற்றில் கோத்து அடுக்கியிருந்தார்கள். ஆக்டோபஸ் பிடிக்கவாம். உள்ளே இரை வைப்பதில்லை. நல்ல வீடென்று நினைத்து அது தானாகவே வந்து குந்திக்கொள்ளுமாம். பானைகளை எண்ணி முடிக்க எட்டரை ஆகிவிட்டது.

திரும்பி வந்தபோது நண்பன் பழப்பையை மடியில் வைத்தபடி காருக்குள் இருந்தான்.

"மச்சான், ஒன்பதாகப் போகுது. எடு காரை."

"ஒன்பது ஐம்பத்தைஞ்சு வரைக்கும் ராகுகாலம். அதுக்குப் பிறகு வெளிக்கிடுவம்."

"உன்ரை ராகுவுக்கு இத்தாலியிலை இருக்கிற பெர்மெஸ்ஸோ, வதிவிட அனுமதிதானே இருக்கு? அவரை எல்லையிலையே மறிச்சிருப்பாங்கள்."

"ஒன்பது வருசம் கழிச்சுத் தம்பியைக் காணப்போறாய். நல்ல நேரத்திலை போவமே."

"அவன் பத்தரைக்கு வந்து நிண்டு, றோட்டையோ பாக்கிறது?"

ஒன்பது ஐம்பத்தேழுக்குப் புறப்பட்டோம்.

நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் தெருவிளக்குகள் நினைவுக்கு வந்தன. பலெர்மோவில் ஏழு மணிக்கு நன்றாக விடிந்திருக்கும். இரண்டு நாட்டிலும் கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்டியதால் நான் கணக்கை மாற்றவே இல்லை. ஆனால் நாங்கள் மேற்கே வெகுதூரம் வந்திருந்தோம். இங்கே சூரியன் முக்கால் மணி நேரம் பிந்தித்தான் உதிக்கிறது. மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். ராகுகாலத்தின் நட்டநடுவில் காரை எடுத்திருக்கிறேன். ஒன்பது மணிக்கு, அவன் கேட்ட நேரத்தில், அது தொடங்கியே இருக்கவில்லை.

வேகத்தைக் கூட்டினேன்.

துறைமுக வாயிலை அடையப் பதினொன்று ஐந்து ஆகிவிட்டது. செம்மஞ்சள் வேலை உடுப்போடு தம்பி நடைபாதை ஓரத்தில் குந்தியிருந்து, வருகிற ஒவ்வொரு காரையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கார் நிற்கும் முன்பே நண்பன் கதவைத் திறந்துவிட்டான்.

"கறுத்துப் போனாய்."

"நீங்கள் மட்டும் வெள்ளையோ, அண்ணா?"

தம்பி ஆறு மந்தரின் தின்றான். தோல்களைச் சட்டைப்பைக்குள் போட்டான். "கபினிலை வாசமா இருக்கும்" என்றான். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் உள்ளே போனான்.

காருக்குள் வந்ததும் நண்பனிடம் கணக்குப் பிழையைச் சொன்னேன்.

"அப்ப ராகு எங்களோடைதான் வந்தவரோ?"

"ஓம்."

"பின் சீட்டிலையோ? ஒரு மந்தரின் குடுத்திருக்கலாம்." பழப்பையின் வாயை முடிந்தான். "முப்பத்தைஞ்சு நிமிசம் போச்சு, மச்சான்."

நான் காரை எடுக்கவில்லை. கப்பல் நாலு மணிக்குத்தான் வெளிக்கிடும் என்று தம்பி சொல்லியிருந்தான். இறங்கிப்போய், கப்பல்கள் கடந்துபோகும் அலைதடுப்புச் சுவருக்கு எப்படிப் போவது என்று வாயில் காவலாளியிடம் இத்தாலிய மொழியில் கேட்டேன். அவர் ஸ்பானிய மொழியில் ஏதோ சொல்லி இடப்பக்கம் கையை நீட்டினார். நண்பன் அதற்குள் மிச்சப் பழங்களைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தான்.