பாவு இறங்கும் வரை

தில்லையம்மாள் முப்பது வருஷம் நர்சாகப் பிரசவம் பார்த்தவள். கையில் நாலு காசு சேர்ந்தால் மற்றவர்கள் நகைக்கடைக்குப் போவார்கள். இவள் வீடு பார்க்கப் போவாள். புருஷன் போய் வெகுகாலம் ஆயிற்று, பிள்ளை குட்டி கிடையாது. "தங்கத்துக்கு நான் காவல் காக்கணும். வீடுன்னா அது என்னைக் காக்கும்" என்பாள்.

அப்போது காஞ்சிபுரத்தில் வாடகைக்கு விடுகிறவர்கள் ஒரு வீட்டை ஐந்தாகத் தடுத்து ஐந்து குடித்தனம் வைப்பார்கள். தில்லையம்மாளுக்கு அது ஆகாது. ஒரு வீட்டுக்கு ஒரு அடுப்பு, அதுதான் அவள் சட்டம். ஒரு குழந்தைக்கு அம்மை போட்டால் ஐந்து குடித்தனத்துக்கும் போடும் என்று பார்த்துச் சலித்தவள்.

1967-ல் சின்ன காஞ்சிபுரத்தில் இரண்டாவது வீட்டை வாங்கினாள். சின்ன வீடு, நல்ல கிணறு. ஒரே சங்கடம், உள்ளே கோதண்டபாணி என்ற நெசவாளி குடும்பத்தோடும் தறியோடும் இருந்தான். நெசவாளி வாடகை, நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுத்தால்தான் வரும். அடுத்த சித்திரையில் அவளுக்கு வேலையிலிருந்து ஓய்வு. மாதம் பிறந்தால் வாடகை வந்தாக வேண்டும். பள்ளிக்கூட வாத்தியார் சம்பத்குமார் தை பிறந்ததும் வருவதாகச் சொல்லியிருந்தார். சின்னக் குழந்தைகள் இருப்பதால், நெசவாளி கால் தொங்கவிடும் தறிப்பள்ளத்தை மட்டும் மூடித் தர வேண்டும் என்றார்.

ஐப்பசி முதல் தேதியே கோதண்டபாணியிடம் பேச்சை எடுத்தாள்.

"தறியில பாவு இருக்குதும்மா" என்றான் அவன். "பாவு இருக்கிறப்ப தறிய பேர்க்கக் கூடாது. இது இறங்கட்டும்."

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகள். ஒரு பாவுக்கு மூன்று புடவை. தில்லையம்மாள் விரல் விட்டு எண்ணினாள். கார்த்திகைக்குள் இறங்கிவிடும். மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். அந்த மாதம் பள்ளத்தை மூடி, சுண்ணாம்பு அடித்துவிட்டால் தையில் வாத்தியார் பால் காய்ச்சலாம். பிரசவ நாளைக்கூட இவ்வளவு சுத்தமாக அவள் கணித்ததில்லை.

கார்த்திகை கடைசி வாரம், மூன்றாவது புடவையும் அறுத்தாயிற்று என்று கேள்விப்பட்டு மறுநாள் காலையிலேயே போனாள். மூட்டை முடிச்சு எதையும் காணோம். கோதண்டபாணியின் மனைவி கங்கையம்மாள் தறி முன்னால் சம்மணம் போட்டு, விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு இழைகளை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா கங்கை, மூட்ட கட்டாம இன்னா பண்ணிக்கினு இருக்கற?"

"பாவு பிணைக்கிறேன் நர்சம்மா."

"பாவுதான் இறங்கிடுச்சே?"

"பழசு இறங்கிடுச்சு. அதோட வாலை, இழைங்க கோத்திருக்கிற அச்சுல அப்பிடியே வுட்டு, புதுசை அதுல பிணைச்சாத்தான தறி ஓடும்? நாலாயிரத்துச் சொச்சம் இழை. ஒவ்வொண்ணா புதுசா கோக்க யாரால ஆவும்?"

"சரி, இது இறங்கினா?"

"இன்னொண்ணு பிணைப்போம்."

"அதுவும் இறங்கினா?"

கங்கையம்மாள் அடுத்த இழையை எடுத்தாள். பள்ளத்தில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த கோதண்டபாணி தன் முழங்காலைப் பார்த்துச் சிரித்தான்.

"மொத பாவு எப்ப போட்டீங்க?"

"கல்யாணம் ஆன வருஷம்மா. பதினோரு வருஷம் ஆவுது."

"அடப்பாவி! இறங்கட்டும்னு சொன்னியே!"

"நான் பொய் சொல்லலம்மா. எந்த நெசவுக்காரனும் அப்பிடித்தான் சொல்லுவான். ஊரெல்லாம் தெரிஞ்ச நீங்க எப்பிடி நம்பினீங்கன்னுதான் எனக்கே ஆச்சரியம்."

தில்லையம்மாளுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. "கத்திரியை எடு. மூவாயிரம் தொப்புள்கொடி அறுத்த கை இது. இதை அறுக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

கங்கையம்மாள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை, விரலும் நிற்கவில்லை. "அறுங்க நர்சம்மா. அந்தக் கொடிய அறுத்தா கொழந்த அழும். இத அறுத்தா நாங்க அழுவணும்."

கத்திரி வரவில்லை. தில்லையம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். மனம் இளகி உட்காரவில்லை, யோசிக்க உட்கார்ந்தாள். முதல் வீட்டுக்கு நாலு வருஷத்தில் மூன்று குடித்தனம் வந்து போயிற்று. ஒவ்வொரு தடவையும் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது, சுண்ணாம்பு, ஓடு, தரகர் என்று அலைச்சல் வேறு. இந்த மனுஷனோ பதினோரு வருஷமாக நகரவில்லை. நகரவும் மாட்டான், அவனைத்தான் நாலாயிரம் இழை பிடித்துக் கட்டியிருக்கிறதே. வாடகை முன்னே பின்னே வந்தாலும் வராமல் போகாது.

நேராக வாத்தியார் வீட்டுக்குப் போனாள்.

"சார், தையில வந்தா எத்தினி வருஷம் இருப்பீங்க?"

"ரெண்டு வருஷம் இருந்தாலே பெரிசும்மா. மாற்றல் போட்டுடுவா."

"அப்ப அந்த வீடு இல்ல."

"என்னம்மா இது, வாக்குக் கொடுத்தேளே!"

"குடுத்தேன். தப்பு என்னோடதுதான். வேற வீடு பாத்துத் தர்றது என் பொறுப்பு." இரண்டு நாள் நாலு தெரு அலைந்து, பள்ளம் இல்லாத வீடாகவே பிடித்துக் கொடுத்தாள்.

கோதண்டபாணிக்கும் நிபந்தனை போட்டாள். புடவை அறுத்த அன்றைக்கே வாடகை. சாக்கடையை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். மச்சான் குடும்பம் என்று இன்னொரு அடுப்பு மூட்டக் கூடாது. அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

1972-ல் மூன்றாவது வீடு வாங்கினாள். பழைய சொந்தக்காரர் தறிப்பள்ளத்தைத் தூர்த்து, பெருமையாகச் சிவப்பு சிமெண்டு போட்டு வைத்திருந்தார். தில்லையம்மாள் கொத்தனார் பரசுராமனைக் கூப்பிட்டு, "இங்க ஒடச்சித் தோண்டு" என்றாள்.

"நல்லா கீற தரைய ஒடைக்கச் சொல்றியே, பொதையலாம்மா தேடற?"

"பேச்சக் கொறச்சிக் கடப்பாறைய போடுப்பா."

மத்தியானத்துக்குள் பள்ளம் ஆயிற்று. தில்லையம்மாள் வெள்ளைச் சேலையைச் செருகிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்து, நெசவாளி உட்காருகிற மாதிரி காலை உள்ளே தொங்கவிட்டுப் பார்த்தாள். முழங்கால் இடித்தது.

"இன்னும் ஒரு சாண் தோண்டு" என்றாள். "கால் வலிச்சா எழுந்து போயிடுவாங்க."