நல்ல காரியத்தில் ஐயோ

எங்கள் ஆமத்தூர்ப் பக்கம் ‘ஐயோ’ என்பது எமன் பெண்டாட்டியின் பெயர். கூப்பிட்டால் வந்து நிற்பாளாம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற எங்கள் வீட்டிலும் கால் இடறினால் ‘அம்மா’தான். எமனை நம்பாதவர்களுக்கும் அவன் பெண்டாட்டியிடம் பயம் உண்டு. பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற என் நாத்தனார் காதில் காலையில் அந்தச் சொல் விழுந்துவிட்டால் அன்றைக்கு என்னோடு பேச மாட்டாள்.

தீபாவளி சீசனில் அவள் கம்பெனியில் ஒரு ரூம் வெடித்தது. ஆர்டர் முடிய வேண்டும் என்று சின்ன ரூமில் ஆட்களை நெருக்கி உட்கார வைத்திருந்தார்கள். தண்ணீர் குடிக்க வெளியே வந்ததால் இவள் பிழைத்தாள். இவளோடு ஒரே வேனில் போனவர்கள் பிழைக்கவில்லை. கம்பெனியைப் பூட்டினார்கள், கொஞ்ச நாளில் திறந்தார்கள்.

“திங்கக்கிழமையிலருந்து வேன் வருமாம் மைனி” என்றாள். போகாதே என்றேன்.

“வேற எங்கன போக? மல்லாங்கிணறு பக்கம் கருவேல மரம் வெட்டப் போகவா?”

புருஷன் இல்லாதவள். என் டீச்சர் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு மனசு வராது.

அந்தக் கம்பெனி முதலாளிதான் எங்கள் சர்ச்சுக்குக் காம்பவுண்டுச் சுவர் கட்டிக் கொடுத்தார். அவர் கோயிலுக்கும் கொடுப்பார், எங்களுக்கும் கொடுப்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வேன் வருவதற்கு முந்தின ஞாயிறு சுவர்ப் பிரதிஷ்டை. அன்றைக்குப் பழைய ஏற்பாட்டுப் பாடம் வாசிக்கிற முறை என்னுடையது. எந்தப் பாடம் என்பதைச் சபை முன்கூட்டியே வகுத்துவிடும். எடுத்துப் பார்த்தேன். இரத்தம் சிந்தி ஊரைக் கட்டுகிறவனுக்கு, அநியாயத்தின் மேல் நகரத்தை நிறுத்துகிறவனுக்கு ஐயோ என்கிறார் தீர்க்கதரிசி. சுவரில் இருக்கிற கல்லே கத்துமாம், மேலே கிடக்கிற உத்தரம் பதில் சொல்லுமாம். நானாகத் தேடியிருந்தால்கூட இப்படிக் கிடைத்திருக்காது.

போதகர் வீட்டுக்கே வந்துவிட்டார். “டீச்சர், அந்த ஐயோ வர்ற எடத்த மட்டும் தாண்டி வாசிச்சிருங்க. நல்ல காரியத்துல அந்தச் சொல் வந்தா மொதலாளி வீட்டுல சங்கடப்படுவாக.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரத்தம் அவரை உறுத்தவில்லை, அநியாயம் உறுத்தவில்லை. ஐயோதான் உறுத்தியது.

சனிக்கிழமை முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. தேய்த்த சேலையையே மறுபடி தேய்த்தேன். பால்காரரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். வாசித்தால் நாத்தனார் வேலை போகலாம். போனால் நல்லது என்றுகூட நினைத்தேன். ஆனால் அவள் கஞ்சியை என் வாய் தட்டிவிடலாமா? கடைசியில் அவளிடமே கேட்டேன்.

அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: “எனக்காக வாசிக்காதீக மைனி. எனக்காக வாசிக்காமலும் இருந்துராதீக.”

வாசித்தேன். ஒரு சொல் விடவில்லை. முதல் வரிசையில் முதலாளியின் மனைவி தாலியைத் தொட்டுக்கொண்டார். போதகர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி மட்டும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

வெளியே கேசரி கொடுக்கும்போது கைகூப்பிக்கொண்டு என்னிடம் வந்தார். “நல்லா வாசிச்சீக டீச்சர். லைசென்ஸ் இல்லாம வீட்டுக்குள்ளயே வெடி கட்டுறானுக பாருங்க, அவனுகளுக்குன்னே சொன்னாப்புல இருக்கு.”

“உங்க கம்பெனிக்கும் சேத்துத்தான் சொல்லியிருக்கு” என்றேன்.

“ஆமா, எல்லாருக்கும் பொதுவாச் சொன்னதுதான” என்று சிரித்தார். “நம்ம பிரஸ்ல அடிக்கிற பைபிள் வசனக் காலண்டர்ல இதப் போடச் சொல்றேன். அந்த ஒரு சொல்ல மட்டும் எடுத்துட்டு.”

கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். செவிடன் காதில் ஊதின சங்குதான்.

திங்கட்கிழமை விடியும்போதே தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவள் ஓடினாள், பின்னாலேயே நானும் போனேன். வேனுக்குள் எட்டிப் பார்த்தேன். செத்துப்போனவர்கள் உட்கார்ந்து போன இடங்களில் எல்லாம் புது ஆட்கள் இருந்தார்கள். அதில் ஒருத்தி போன வருஷம் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள்.

“ஐயோ” என்றேன்.

நாத்தனார் படியில் ஒரு காலோடு திரும்பினாள். “கெளம்புறப்ப அந்தச் சொல்லச் சொல்லாதீக மைனி” என்று கடிந்துவிட்டு, அந்தப் பிள்ளையை நகரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.