நடுவில் மட்டும் ஈரம்

கந்தப்பளையில் செல்வராஜின் கராஜுக்குத் தளம் போட்டுக் கொடுத்து அதிக நாளாகவில்லை. போன் வந்தது.

"பாஸ், கராஜ் தரையில ஈரமா இருக்குங்க. கொஞ்சம் வந்து பாருங்க."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை வருஷ மேசன் வேலையில் என் தளத்தில் ஈரம் ஏறியதில்லை.

செல்வராஜ் மரக்கறி ஏற்றுகிறவர். பழைய வேன் ஈர மண்ணில் நின்று நின்று அடித்தட்டெல்லாம் துருப்பிடித்துப் போனது. இப்போதிருப்பது லீசிங்கில், மாதத் தவணைக்கு எடுத்த வேன். "இதுவும் துருப்பிடிச்சா, நான் மறுபடியும் தோட்டத்து லயத்து அறையிலதான் போய் நிக்கணும்," என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அதனால்தான் பார்த்துப் பார்த்துச் செய்தேன். கல் அடுக்கி, மணல் பரப்பி, தடித்த பொலித்தீனை ஒரே விரிப்பாக விரித்து, ஓரங்களைச் சுவரில் ஏற்றி மடித்து, அதன்மேல் கொங்கிரீட். மண்ணின் ஈரத்தைத் தடுப்பது அந்தப் பொலித்தீன்தான்.

போய்ப் பார்த்தேன். சுவரோரம் எல்லாம் காய்ந்து கிடந்தது. நடுவில் மட்டும் தோசைக்கல் அளவுக்குக் கறுப்பாக ஈரம். ஈரம் ஓரத்தில் வரும், வெடிப்பில் வரும். நட்டநடுவில் வட்டமாக வந்து நான் பார்த்ததில்லை.

"ரேடியேட்டர் ஒழுகுதாங்க?"

"இல்ல பாஸ். வேனை ரோட்டுலதானே நிப்பாட்டியிருக்கேன்."

பனிமூட்டம் படிந்த ஈரமோ என்று, ஒரு துண்டுப் பொலித்தீனை அங்கே வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினேன். மேல்பக்கம் நனைந்தால் பனி, அடிப்பக்கம் நனைந்தால் மண். மறுநாள் அடிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். அப்படியானால் மண்ணிலிருந்துதான் வருகிறது. ஆனால் நான் விரித்த பொலித்தீன் எங்கே போனது? எலி கடித்ததா? கடைக்காரர் ஓட்டைச் சரக்கைத் தந்துவிட்டாரா? ஓட்டை என்றால் ஏன் இத்தனை வட்டம்? ஒன்றும் பிடிபடவில்லை. செல்வராஜின் பார்வையில் சந்தேகம் தெரிந்தது. அது என்னைச் சுட்டது.

"உடைச்சுப் பாத்துருவோம்," என்று உளியை எடுத்தேன். அவர் மனைவி பரமேஸ்வரி ஓடி வந்தார்.

"ஐயோ, அந்த எடத்த ஒடைக்காதீங்கண்ணே! பூஜை வச்ச எடம்!"

கொங்கிரீட் போடுவதற்கு முன் அவர் பூஜை செய்தது எனக்கும் தெரியும். நாங்கள் வெளியே டீ குடித்துவிட்டு வந்தபோது பொலித்தீன் நடுவே பூக்குவியல் இருந்தது. சாமிப் பூவை யார் கிளறுவார்கள்? அப்படியே கலவையைக் கொட்டினோம்.

"பூமாதேவிக்குப் படைக்கிறத பொலித்தீனுக்கு மேல வச்சா, அவளுக்கு எப்படிண்ணே போய்ச் சேரும்? அதான் கத்தியால வட்டமா வெட்டிட்டு, மண்ணுல நவதானியமும் மஞ்சளும் வச்சேன்."

சிரிப்பதா, கோபப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. செல்வராஜ் தலையில் கை வைத்தபடி நின்றார். பிறகு மெதுவாக, "வேன் நல்லா ஓடணும்னுதானே செஞ்ச," என்றார்.

நடுவை மட்டும் வெட்டி எடுத்தேன். பரமேஸ்வரி மறுபடியும் மண்ணில் மஞ்சளும் பூவும் வைத்தார். அதை மூடிப் புதுப் பொலித்தீன் துண்டை விரித்து, பழைய பொலித்தீனோடு சேர்த்து டேப் ஒட்டி, கொங்கிரீட்டைப் போட்டேன். இப்போது அங்கே வேன் நிற்கிறது, தரை காய்ந்திருக்கிறது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, முதலில் வீட்டாரை மண்ணில் பூஜையை முடிக்கச் சொல்லுங்கள், அப்புறம் பொலித்தீனை விரியுங்கள். நான் எலியைச் சந்தேகப்பட்டேன், கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன். அந்த வீட்டில் இருந்த பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்க மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.