சீர் டிவியும் என் கிராஃபிக்ஸ் கார்டும்

டிவியில் கேம் ஆடினால் பிக்சர் ட்யூப் போய்விடும் என்ற கதையை முதலில் கிளப்பிவிட்டது யார் என்று தெரிந்தால், அவர் வீட்டு வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன். கேசட் சொருகி ஆடும் கேம் பெட்டிகள் வந்த தொண்ணூறுகளிலேயே திண்டுக்கல்லில் பாதி வீடுகளில் இதுதான் சட்டம். சீரியல் பார்த்தால் போகாத ட்யூப், கிரிக்கெட்டை நாள் முழுக்க ஓடவிட்டாலும் போகாத ட்யூப், கேம் ஆடினால் மட்டும் போய்விடுமாம். சிரித்துவிட்டு விட்டுவிடலாம்தான். ஆனால் அந்தப் பொய்யை வைத்துத்தான் என் கல்யாணத்துக்கு வாங்கிய டிவியை என் கையிலிருந்து பறித்தார்கள். அதனால் இத்தனை வருடம் கழித்தும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள். பேகம்பூர் பக்கம் எங்கள் வீடு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, நானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது. அதில் எனக்குப் பிடித்தது கார் ரேஸ். மதர்போர்டிலேயே இருந்த கிராஃபிக்ஸில் அந்த கேம் ஓடாது, நொண்டும். வளைவில் திரும்பினால் படம் நின்றுவிடும். மறுபடி நகரும்போது கார் சுவரில் இருக்கும். சம்பளத்தில் பிடித்துப் பிடித்துச் சேர்த்து ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினேன். அதை மாட்டி முதல் தடவை ஓட்டியபோது மழை பெய்த ரோட்டில் விளக்கு வெளிச்சம் விழுவதுகூடத் தெரிந்தது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை யாரிடம் சொன்னாலும் புரியாது என்று சொல்லவே இல்லை.

எனக்கு மாப்பிள்ளை அமைந்ததும் அப்பா தீபாவளித் தள்ளுபடியிலேயே சீருக்கு டிவி வாங்கிவிட்டார். இருபத்தொன்பது இஞ்ச், தட்டைத் திரை, இரண்டு பேர் தூக்க வேண்டும். கல்யாணம் தை மாதம். அதுவரை அட்டைப்பெட்டி கூடத்தில் கிடந்தது. என் கார்டின் பின்னால் டிவிக்கு வயர் போட ஒரு துளை இருந்தது. பெட்டியையும் துளையையும் மாறி மாறிப் பார்த்து எத்தனை நாள் சும்மா இருக்க முடியும்?

"பிரிக்காத ஆத்தா. சீர்ல வைக்கிற சாமான். டேப்ப எடுத்தா பழசுன்னு நெனைப்பாக" என்றாள் அம்மா.

"போட்டுப் பாக்காமக் குடுத்து, அங்க போயி எரியலன்னா யாருக்கு அசிங்கம்?" என்றேன். அப்பா அம்மாவிடம், "அவளுக்கு வாங்குனதுதான, அவ பாக்கட்டும்" என்றார்.

அந்த வார்த்தையை நான் அப்படியே நம்பினேன். அவளுக்கு வாங்கியது.

டிவியில் எழுத்துகள் ஈ மொய்த்த மாதிரி இருந்தன. ஒரு பெயரைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டும். ஆனால் ரேஸ் தொடங்கிவிட்டால் எழுத்து எதற்கு? ரோடு கூடத்தை அடைத்துக்கொண்டு வந்தது. அம்மாகூட முறத்தோடு உட்கார்ந்து, "லாரி வருது, ஒதுங்கு" என்று எனக்கு வழி சொன்னாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெட்டியை மறுபடி ஒட்டி, பீரோ, கட்டிலோடு டெம்போவில் ஏற்றினோம். என் கம்ப்யூட்டரும் போனது. அது சீர்வரிசையில் இல்லை, நானாக எடுத்துப்போனது.

புகுந்த வீடு ரெட்டியார்சத்திரம். மோட்டார் ஓடும் நேரத்தில் கரண்ட் இழுத்துக்கொண்டு கிடக்கும், அதனால் டிவிக்கு ஸ்டெபிலைசர் வைத்தார்கள். மேலே பூப்போட்ட துணி போர்த்தினார்கள். சென்டர் வேலையை நான் விடவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, சமையலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை டிவியில் மாட்டி ரேஸ் ஓட்டுவேன். அந்த வீட்டில் நான் யாருக்கும் மருமகளாக இல்லாத நேரம் அது ஒன்றுதான். எனக்கு அது வேண்டும். இன்றைக்குக் கேட்டாலும் வேண்டும் என்றுதான் சொல்வேன்.

என் கொழுந்தனுக்குப் பாட்டுப் பைத்தியம். ஆசாரியிடம் சொல்லி இடுப்பளவு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி செய்து, டிவிக்கு இரண்டு பக்கமும் காவல்காரர்கள் மாதிரி ஒட்டி நிறுத்தினான். கொஞ்ச நாளில் திரையின் கீழ்மூலையில் ஊதா நிறம் படர்ந்தது. செய்தி வாசிக்கிறவரின் கன்னம் பச்சையாகத் தெரிந்தது.

"அம்புட்டுத்தான். கேம் ஆடி ஆடி ட்யூப்ப முடிச்சுட்டா" என்றார் அத்தை, என் காதில் விழும்படி.

எனக்கு இது என்னவென்று தெரியும். சென்டரில் ஒருவர் மானிட்டர் பக்கத்தில் பெரிய ஸ்பீக்கரை வைத்து இதே ஊதாவை வரவழைத்திருக்கிறார். தள்ளி வைத்ததும் போய்விட்டது. நிதானமாகத்தான் சொன்னேன்.

"அத்தை, ஸ்பீக்கருக்குள்ள காந்தம் இருக்கு. அது நிறத்த இழுக்குது. பெட்டிய நாலடி தள்ளி வச்சா சரியாப் போயிரும்."

"எம் பொட்டி மேல பழி போடாதீங்க மதினி" என்றான் கொழுந்தன். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் பேப்பரை மடக்காமல், "வயரக் கழட்டி வையிம்மா, பெறகு பாப்போம்" என்றார். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "விடு, இதுக்குப் போயி" என்றார். பெட்டியைத் தள்ளிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நானே தள்ளப் போனேன். பெட்டியில் கீறல் விழும் என்று கொழுந்தன் குறுக்கே வந்து நின்றான். வயரை அத்தை வாங்கிச் சுருட்டித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது இதுதான்.

அதன் பிறகு சாயங்காலங்களில் நான் நேராகச் சமையலறைக்குப் போனேன். வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் திரையின் மூலை காட்டப்பட்டது. "மருமக கம்ப்யூட்டர மாட்டுனா, இப்படி ஆயிருச்சு." எங்கள் அப்பா ஒருநாள் வந்திருந்தபோது அவருக்கும் காட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நான் வேணா வேற மாத்தித் தந்துர்றேன்" என்றார். செய்யாத தப்புக்கு என் அப்பா தலை குனிந்ததை நான் மன்னிக்கவே இல்லை.

சித்திரையில் கொழுந்தனின் சிநேகிதன் ஊரில் கோயில் திருவிழா. ஸ்பீக்கர் பெட்டிகளை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனான். நான் வாயைத் திறக்காமல் காத்திருந்தேன். அந்த மாதிரி டிவி, ஸ்விட்சை அணைத்துப் போடும்போதெல்லாம் தன்னைத்தானே கொஞ்சம் சரிசெய்துகொள்ளும். ஊதா வெளுத்தது, சுருங்கியது, ஒருநாள் இல்லாமலே போனது. செய்தி வாசிக்கிறவருக்கு மனுஷ நிறம் திரும்பிவிட்டது.

"பாருங்க அத்தை" என்றேன். "பெட்டி போச்சு, கறையும் போச்சு."

அத்தை திரையை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நாந்தான் சொன்னேன்ல. நீ ஆடாம இருந்ததுல ட்யூப்பு ஆறிருச்சு."

மாமா ஆமாம் என்று தலையாட்டினார். என் வீட்டுக்காரர், "சரியாயிருச்சுல்ல, பெறகென்ன" என்றார். நிரூபணம் கண்முன்னால் நிற்கிறது, அதையும் எடுத்து என் தலையிலேயே போடுகிறார்கள். ஒருவருக்கு அறிவில்லை என்றால் சொல்லிக்கொடுக்கலாம், அது என் தொழில். தெரிந்துகொள்ள மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவர்களை என்ன செய்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கர் பெட்டிகளும் கொழுந்தனும் திரும்பி வந்தார்கள். கூடவே நாலைந்து சிநேகிதர்கள். கம்ப்யூட்டரில் கிரிக்கெட் ஆட வேண்டும், பெரிய திரையில். அத்தை எழுந்து போய் அலமாரியைத் திறந்து அந்த வயரை எடுத்து வந்தார். ஒரு நொடி, எனக்குத்தான் தரப்போகிறார் என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டேன். அவர் என்னைத் தாண்டிப்போய் மகனிடம் கொடுத்தார்.

"இப்ப ட்யூப் போகாதா அத்தை?" என்றேன்.

"பயலுக ஏதோ செத்த நேரம் ஆடப் போறாங்கெ. நீ போயி எல்லாருக்கும் டீயப் போடு."

என் அறையிலிருந்து கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து டிவி முன்னால் வைத்திருந்தார்கள். யார் சோபாவில், யார் தரையில் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறைக்குப் போகவில்லை. கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ப்ளக்கைப் பிடுங்கினேன். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, ஸ்க்ரூவைத் திருகி எடுத்து, கார்டை மெதுவாக அசைத்து வெளியே இழுத்தேன்.

"மதினி, என்ன பண்றீங்க? வயர எதுல சொருகுறது?"

"டிவி உங்க வீட்டோடது. அது அங்கதான் இருக்கு, பாருங்க. இது நான் சம்பாதிச்சு வாங்குனது."

அத்தை என் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டார். நான் அறைக்குப் போய்ப் பீரோவைத் திறந்து, கார்டை என் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். அன்றைக்கு டீ போடவில்லை.