மருமகள் எதிரில் கேட்ட கேள்வி

திருவண்ணாமலையில் ஒரு தனியார் லேபில் முப்பது வருஷம் ரத்தம் எடுத்தவள் நான். வேகம்தான் எனக்குப் பெருமை. அந்த வேகத்தில் ஒரு மனிதரை வீணாகக் கலங்கடித்ததையும் சொல்லியாக வேண்டும்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வேர்க்கடலை விவசாயி ஒருவர் பி.எஸ்.ஏ. டெஸ்டுக்கு வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியைப் பற்றித் துப்புக் கொடுக்கும் ரத்தப் பரிசோதனை அது. கூடவே மருமகள். ஃபாரத்தை வைத்துக்கொண்டு, "ஐயா, யூரின் போறப்ப எரிச்சல் இருக்குதா?" என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தார். மருமகள்தான், "மாமாவுக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றாள். நானும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டேன்.

அளவு ஜாஸ்தி என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அறையிலும் மருமகளே பதில் சொல்லியிருக்கிறாள். சுரப்பியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிக்கு நாள் குறித்தாகிவிட்டது.

அதற்கு முந்தின வாரம், ரத்தம் உறையும் நேரம் பார்க்க மறுபடி வந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. மருமகள் வண்டி நிறுத்தப் போயிருந்தாள்.

"புத்துநோய்னு முடிவாயிடுச்சாம்மா? நெலத்தைப் பசங்க பேருக்கு எழுதி வெச்சிடலாம்னு இருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. "அவசரப்படாதீங்கய்யா. இந்த நம்பர் ஏறிட்டா புத்துநோய்தான்னு இல்ல. வயசுல சுரப்பி வீங்கினாலும் ஏறும், கிருமி இருந்தாலும் ஏறும். நெசமா எரிச்சல் இல்லியா?"

வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு மாசமா எரியுதும்மா. மருமவ நிக்கும்போது எப்படிச் சொல்றது?"

அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். உடனே டாக்டருக்கு ஃபோன் போட்டேன். அவர் எடுக்கச் சொன்ன யூரின் கல்ச்சர் டெஸ்டில் கிருமி இருந்தது. டாக்டர் பயாப்ஸியைத் தள்ளிவைத்து மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து மறுபடி பி.எஸ்.ஏ. பார்த்தோம். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. "இப்போதைக்கு பயாப்ஸி வேணாம், ஆறு மாசம் கழிச்சு ஒருக்கா பாத்துக்கலாம்" என்றார் டாக்டர். இறங்காமல் இருந்திருந்தால் அடுத்த பரிசோதனைகளுக்குப் போகத்தான் வேண்டியிருந்திருக்கும். அதையும் நான் பெரியவரிடம் மறைக்கவில்லை.

அதன் பிறகு, கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்பேன். வரிசை நீண்டாலும் பரவாயில்லை.

அளவு இறங்கிய ரிப்போர்ட்டை வாங்கப் பெரியவர் வந்த அன்று, "மொத நாளே சொல்லியிருந்தா இவ்ளோ கலக்கம் இல்லியேய்யா" என்றேன்.

"மொத நாளே தனியா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்மா" என்றார்.